மரத்தை அளக்கும் முறை

நெசவாளர் நூலை நிறுத்து வாங்குகிறார். துணியை அளந்து விற்கிறார். ஆனால் வரப்பில் இருபது ஆண்டுகள் தேக்கு வளர்த்த குடியானவரோ, வியாபாரி கண்ணால் மதித்துச் சொல்லும் தொகைக்கே அதைக் கொடுத்துவிடுகிறார். வனத்துறையினர் கையாளும் அளவை முறைகளுள் சில நம் அங்கத்தினர் எவருக்கும் கைவரக் கூடியவை. அவற்றை இங்கே கூறுவோம்.

முதற்கருவி நாடா. நம் நாட்டு வனத்துறையில் மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், எடுப்பது வழக்கம். வேர்ப்புறம் பருத்திருக்குமாதலால் அங்கே அளத்தல் தவறு. சரிவான நிலமாயின் மேட்டுப்புறத்தில் நின்று உயரத்தைக் குறிக்க வேண்டும். நாடா கோணினால் அளவு மிகுமேயன்றிக் குறையாது. சுற்றளவை 3.14 ஆல் வகுக்க விட்டம் கிடைக்கும்.

உயரத்திற்கு ஒரு குச்சி போதும். கையை நீட்டி, கண்ணுக்கும் பிடிக்கும் உள்ள தூரமளவே குச்சி பிடிக்கு மேல் செங்குத்தாக நிற்குமாறு பற்றுக. குச்சியின் நுனி மர உச்சியோடும், பிடி மரத்தின் அடியோடும் பொருந்தும் வரை பின்னே செல்க. நாம் நிற்குமிடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரமே மரத்தின் உயரம். சமநிலத்தில் நேராக நிற்கும் மரத்திற்கே இது பொருந்தும்.

இனிப் பணத்தைப் பற்றிய செய்தி. வெட்டிக் கிடத்திய அடிமரத்தின் நடுச்சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்குவது மரக்கடைகளில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. நடுச்சுற்றளவு 1 மீட்டரும் நீளம் 5 மீட்டரும் உள்ள மரம் இக்கணக்கில் 0.3125 கன மீட்டர். உண்மையான கன அளவோ 0.398. நூற்றுக்கு ஏறத்தாழ 21½ பங்கு கணக்கில் வராமற் போகிறது. அறுக்கும்போது சேதம் உண்டென்பது உண்மையே. ஆகவே இம்முறையை மோசடி என்று நாம் சொல்லவில்லை. உண்மைக் கன அளவுக்குரிய விலையைப் பேசிவிட்டு, கால் சுற்றளவுக் கணக்கில் அளந்து கொடுத்தால்தான் நட்டம். விலை பேசுமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுதல் அவசியம்.

சவுக்குத் தோப்பில் ஒவ்வொரு மரமாக அளப்பது ஆகாத காரியம். 5.64 மீட்டர் கயிற்றால் வட்டமிட்டால் 100 சதுர மீட்டர் அடங்கும்; அதனுள் உள்ள மரங்களின் எண்ணிக்கையை 100 ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்குரிய கணக்கு. ஒரே வட்டத்தை நம்பலாகாது. வட்டம் விழுமிடத்தைக் கண் தேர்ந்தெடுக்கவும் கூடாது. கண் எப்போதும் செழிப்பான பக்கமே போகும். ஓரத்து மரங்கள் வெயில் மிகப் பெற்றுப் பருத்திருக்குமாதலால் ஓரத்தில் மட்டும் அளப்பதும் ஏமாற்றும். தோப்பின் குறுக்கே கோடு பிடித்து, இத்தனை அடிக்கு ஒன்று என்று முன்பே தீர்மானித்து வட்டமிடுவதே முறை.