பழைய டீசல் படகுக்காரர்களுக்கு

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட்டு என்னும் குறுகிய படகுகள் சிலவற்றில் லிஸ்டர், பி.எம்.சி. போன்ற பழைய டீசல் இன்ஜின்கள் இன்றும் உழைக்கின்றன. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் பெரிதாகத் தொல்லை தராத இனம்.

டீசலில் சேரும் தண்ணீர்தான் பெரிய எதிரி. குளிர்காலத்தில் டேங்கை நிரப்பியே வையுங்கள்; காலியிடம் இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்து அடியில் தங்கும். அந்த ஈரத்தில் கிருமி வளர்ந்து, கறுப்புப் பிசுக்காக ஃபில்டரை அடைக்கும். வண்டலும் தண்ணீரும் தங்கும் கிண்ணத்தை அவ்வப்போது வடித்துவிடுங்கள். ஃபில்டர் மாற்றிய பின், காற்றுத் திருகைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள்.

மாலையில் படகைக் கட்டியதும், புரொப்பல்லர் தண்டின் கிரீஸ் திருகை இறுகும்வரை திருப்புங்கள். தண்ணீர்ச் சொட்டு நிற்கும்.

திடீரென்று கறுப்புப் புகை கக்கினால் உடனே மெக்கானிக்கைத் தேடாதீர்கள். புரொப்பல்லரில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சுற்றியிருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே புரொப்பல்லருக்கு மேலுள்ள பின்பக்கத் திறப்பில் கையை விடுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் திறப்பின் மூடியைச் சரியாக இறுக்காமல் கிளம்பினால் படகே மூழ்கிவிடும்.