முதலில் 'வந்தது நல்லது' என்று சொல்

வேப்பூர்

அன்பு மகளுக்கு,

கல்ராயன் மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலைக்கு உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். "அங்கே வென்டிலேட்டர்கூட இல்லை பெரியம்மா, எதை வைத்துப் பிழைக்க வைப்பது?" என்று நீ போனில் கேட்டாய். அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கருவி குறைவுதான். ஆனால் குழந்தையைக் காப்பாற்றுவதில் பெரும்பகுதி கையால் ஆகிற வேலை. பிறந்ததும் அழாத பிள்ளையை ஈரம் போகத் துடைத்து, முதல் நிமிஷத்துக்குள் ஆம்பு பையால் மூச்சு ஏற்றினால் பெரும்பாலானவை தேறிவிடும். எடை குறைந்ததைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டு. பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. 1971-இல் வங்க அகதி முகாமில் காலரா பரவி சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

பாம்புக்கடியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் ராத்திரி வருகிற கேஸ் அது. தரையில் படுத்திருந்த பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழுது, இமை சொருகி, பேச்சுக் குழறினால், பல் தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைத்துக்கொள். கண்ணாடி விரியனாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வை. சாய்க்கும்போது உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்தின் அளவு பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான். ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. மூச்சுத் தளர்ந்தால் ஆள் மாற்றி ஆள் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். உன் வென்டிலேட்டர் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

இதெல்லாம் நீ வேலூரில் படித்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. தாமதமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாயைத் திட்டாதே.

எனக்குத் தெரிந்த ஒருத்தி, பேதியில் சுருண்ட மூத்த பிள்ளைக்கு ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அடுத்த பிள்ளைக்குச் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு குழிந்து உள்ளே போனபோது அவள் எங்கும் போகவில்லை. அந்தக் குழந்தை தங்கவில்லை. அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்று அங்கே இருந்த யாருக்கும் இன்றுவரை தெரியாது.

ஏன் தாமதம் என்று அவளிடமே கேள், பொறுமையாக. மக்காச்சோளம் ஒடிக்கிற நாளில் கூலியை விட முடிந்திருக்காது. மாமியார் வேண்டாம் என்றிருப்பாள். கையில் காசு இருந்திருக்காது. நம் வேப்பூர்ச் சந்தையில் வெள்ளிக்கிழமை ஆட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு வெள்ளி வரைக்கும் வழியில்லை.

நீ படித்த வேலூர் ஆஸ்பத்திரியே தாய்க்கும் மருத்துவத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியிலிருந்து பிறந்ததுதான். 1890-களில் நம் கூட்டு ரோட்டிலிருந்து இதே சாலையில் வடக்கே இருக்கிற திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பேர் தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு இளம்பெண் ஐடா ஸ்கடரின் வாசலுக்கு வந்தார்கள். அவருடைய அப்பாவே டாக்டர். ஆனாலும் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மருத்துவம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவர்களுக்கு எட்டவில்லை. ஐடா டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1902-இல் வேலூரில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி திறந்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

உனக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது சித்தேரிக்கும் கல்ராயனுக்கும் நடுவே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் ஆஸ்பத்திரி. அது மிஷன் ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் ஆரம்பித்தது. அங்கே ஆயிரம் பிறப்புக்கு 150-ஐ ஒட்டி இருந்த சிசு மரணம் பின்னால் 20 அளவுக்கு வந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸ் வேலையிலும் ஊர் சுகாதார வேலையிலும் வைத்தார்கள் என்பது. வாசலில் நிற்கிறவள் சொந்த ஊர்க்காரி என்றால் தாய் முதல் நாளே வந்துவிடுவாள். லீவு கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வா. அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனி.

உன் வார்டில் முதல் வார்த்தை "வந்தது நல்லது" என்று இருக்கட்டும். பிறகு, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேள். கழுதைப்பாலா, வசம்பா, சேனை வைத்தார்களா, சூடு போட்டார்களா? முகம் சுளிக்காமல் கேட்டால்தான் உண்மை வரும். அந்த உண்மை வந்தால்தான் டாக்டர் சரியான மருந்து எழுத முடியும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியை எழுது. வாயால் சொல்லும்போது "அடுத்த சந்தைக்கு வரும்போது பிள்ளையையும் கொண்டு வாங்க" என்று சொல். அன்றைக்கு அவர்களுக்குத் தனிப் பஸ் செலவு கிடையாது, கூலியும் போகாது. ஆஸ்பத்திரியில் பேசி, சந்தை நாளில் எடை பார்க்கிற மேஜையைச் சாயங்காலம் வரை போட்டு வைக்க முடியுமா என்று பார். முடிந்ததா என்று எனக்கு எழுது.

உன் பெரியம்மா