ஒலிபெருக்கியின் ஓரத்தில் ஒரு சுருள்வில்



தொண்டியிலிருந்து தேவிபட்டினம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாக் நீரிணைக் கடலை ஒட்டி அமைந்த ஊர் திருப்பாலைக்குடி. அங்கே என் நண்பர் ஒருவரின் வீட்டில், 1980-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. இலங்கை வானொலிப் பாடல்களைத் தெருவுக்கே கேட்கச் செய்த பெட்டிகள் அவை. பல மாதங்களாகவே கரகரத்து வந்தன. இப்போது ஒன்று ஊமையாகிவிட்டது. மற்றொன்றில் தவில் ஒலி வரும் இடமெல்லாம் உரசும் சத்தம். முன்பக்கத் துணியைக் கழற்றினோம். கூம்பைச் சுற்றியிருந்த கறுப்பு வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

“உப்புக்காற்று அரித்துவிட்டது சார். இனிப் பழைய இரும்புக்குத்தான்” என்றார் நண்பர். அவர் சொன்னது சரியா? ஆராய்ந்து பார்ப்போம்.

வளையத்தின் வேலை என்ன?

ஒலிபெருக்கியின் பின்புறம் ஒரு நிலைக்காந்தம் உள்ளது. அதன் துருவங்களுக்கு இடையே வட்டமான, குறுகிய இடுக்கு ஒன்று உண்டு. கூம்பின் கழுத்தில் ஒட்டப்பட்ட கம்பிச்சுருள் இந்த இடுக்கில் நிற்கிறது. பாட்டுக்கு ஏற்ப மாறும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது, ஃபிளெமிங்கின் இடக்கை விதிப்படி அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இத்தகைய ஒலிபெருக்கியை 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் விளக்கி வெளியிட்டனர்.

சுருளுக்கும் இடுக்கின் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுருள் சுவரில் உரசாமல் செல்ல, கூம்பை இரண்டு இடங்களில் தாங்குகிறார்கள். கழுத்தில் மடிப்பு மடிப்பான துணித்தட்டு. இதனை மெக்கானிக்குகள் ‘ஸ்பைடர்’ என்பர். வெளி ஓரத்தில் நம் வளையம். கூம்பை நடுவில் நிறுத்துவது, அசைந்தபின் பழைய இடத்துக்கு இழுப்பது, கூம்பின் முன்புறக் காற்றையும் பின்புறக் காற்றையும் பிரித்து வைப்பது ஆகிய மூன்றும் வளையத்தின் வேலைகள். முன்புறம் அழுத்தம் கூடும்போது பின்புறம் குறைகிறது. கிழிசல் வழியே இரண்டும் கலந்தால், தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

உதிர்த்தது யார்?

1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் ஒலிபெருக்கியை அமைத்தார். அதற்கு மிகவும் தளர்வான ஓரம் தேவைப்பட்டது. 1970-களில் பல தொழிற்சாலைகள் பாலியூரித்தேன் நுரையால் வளையம் செய்தன. மெத்தைகளில் நிரப்பும் ஸ்பஞ்சும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எடை குறைவு, வளைவதும் எளிது. ஆனால் ஆயுள் குறைவு.

இந்நுரையின் ஒரு வகையில் எஸ்டர் பிணைப்புகள் உள்ளன. ஈரக்காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டுகின்றன. இதுவே நீராற்பகுப்பு. ஆக்சிஜனும் ஒளியும் துணை போகின்றன. நுரையில் எங்கும் துளைகள். எனவே காற்றுபடும் பரப்பு மிகப் பெரிது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்த வளையம்கூட நாளடைவில் பொடியாகும். இரும்புச் சட்டத்தைத் துருவாக்கியதில் உப்புக்குப் பங்கு உண்டு. வளையத்தைத் தின்றது ஈரமே.

சைக்கிள் ட்யூப் போதுமா?

நண்பரின் மகன் பத்தாம் வகுப்பு மாணவன். “சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினால் என்ன?” என்று கேட்டான். நல்ல கேள்வி. விடையை ஒரு கணக்கு சொல்லும்.

கூம்பும் சுருளும் சேர்ந்து m என்ற நிறை. தாங்கிகள் k என்ற மாறிலியுடைய சுருள்வில். இதன் இயல்பு அதிர்வெண்,

f = (1/2π) √(k/m)

m = 0.03 கிலோகிராம், k = 1200 நியூட்டன்/மீட்டர் என்று கொள்வோம். f ஏறத்தாழ 32 ஹெர்ட்ஸ். விறைப்பான ரப்பரால் k நான்கு மடங்கானால் f இரண்டு மடங்கு, அதாவது 64 ஹெர்ட்ஸ் ஆகும். இந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி விரைவாகத் தேய்ந்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம் மெலிந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு புத்தகங்களுக்கு இடையே ஒரு காகிதக் கீற்றை விறைப்பாக ஒட்டி நடுவில் அழுத்துங்கள், அசைய மறுக்கும். மேடுபோல் வளைத்து ஒட்டினால் எளிதில் அசையும். வளையம் அரைவட்ட மேடாக இருப்பதன் காரணம் இதுவே. ஆகவே அதே அளவில், அதே வடிவில் செய்த வளையமே வேண்டும்.

மாற்றும் முறை

வால்வு பெருக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும்; அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கும். ஆகவே பெரியவர் ஒருவர் துணையுடன் ஒலிபெருக்கியை முழுவதும் பிரித்து எடுத்த பின்னரே தொடங்குங்கள்.

1. ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல்லைக் கணநேரம் முனைகளில் தொடுங்கள். ‘டக்’ என்று கூம்பு அசைந்தால் சுருள் நலம்.

2. கூம்பின் விட்டத்தையும் சட்டத்தின் விட்டத்தையும் அளந்து வளையம் வாங்குங்கள்.

3. பழைய துகளையும் பசையையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். சுத்தமான காகிதத்தின் மேல் வேலை செய்யுங்கள். காந்தத்தைக் கடற்கரை மணலில் புரட்டியிருப்பீர்கள். ஒட்டும் கருந்துகள்கள் இடுக்கில் புகுந்தால் எடுப்பது கடினம்.

4. நடுவிலுள்ள மூடியை மெல்ல வெட்டி எடுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டிய கீற்றுகளை, சுருளுக்கும் நடுத்துருவத்துக்கும் இடையே நான்கு பக்கமும் சமமாகச் செருகுங்கள். இப்போது சுருள் நட்டநடுவில் நிற்கும்.

5. வளையத்தின் உள் ஓரத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு வெளி ஓரத்தைச் சட்டத்தில் ஒட்டுங்கள். மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை நல்லது. நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

6. ஒரு நாள் கழித்துக் கீற்றுகளை உருவுங்கள். இரு கை விரல்களால் கூம்பைச் சமமாக அழுத்துங்கள். உரசல் இல்லாவிட்டால் மூடியை ஒட்டலாம்.

நாங்கள் செல்லைத் தொட்டபோது ஒரு பெட்டி ‘டக்’ என்றது. மற்றது அசையவே இல்லை. வளையம் கிழிந்த பிறகும் மாதக்கணக்கில் பாடவிட்டதால், சுருள் சுவரில் உரசிக் கம்பி அறுந்துவிட்டது. முதல் பெட்டி மறுநாள் மாலை பாடியது. மகன் கைப்பேசியிலிருந்து 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லக் கொடுத்துப் பார்த்தான், உரசலே இல்லை. நண்பர் வெகுநேரம் அருகிலேயே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால் இன்றே துணியைக் கழற்றி வளையத்தைப் பாருங்கள். உதிரத் தொடங்கியிருந்தால் பாட்டை நிறுத்துங்கள். வளையத்தை எப்போதும் மாற்றலாம். சுருள் போனால் செலவும் வேலையும் பன்மடங்கு.

சிந்திக்க: ரப்பர் வளையத்தால் k மாறாமல், m மட்டும் நான்கு மடங்கானால் f என்ன ஆகும்?