நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பதினோரு வருடம் தாம்பரம் பக்கத்தில் என் வீட்டிலேயே மற்றவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் எடுத்ததில்லை. முழங்கால் வலி வந்த பிறகு நிறுத்திவிட்டேன். ஆனாலும் லீவு நெருங்கினால் போன் வந்துவிடும்: "அம்மா, முதல் தடவை விடுறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? யாரை நம்பலாம்?" அவர்களுக்கெல்லாம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

1. விலையைக் கேட்கும் முன் இரவைப் பற்றிக் கேளுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு நாய்க்கு முடியலைன்னா பக்கத்துல யார் இருப்பாங்க?" இந்த ஒரு கேள்வி போதும். "கேமரா இருக்கு" என்பது இதற்குப் பதில் ஆகாது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போல மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொள்வதுண்டு. வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் சுற்றும். அப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கேமராவில் அதைக் காலையில்தான் பார்ப்பார்கள்.

2. அடுத்து, விலை எதனால் ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேருக்குச் சம்பளம் மாதம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 800. வாடகை 15,000 என்றால் நாளைக்கு 500. ஆக, ஒரு நாயும் வராவிட்டாலும் நாளைக்கு 1,300 ரூபாய் போகிறது. ஒரு நாயின் சாப்பாட்டுக்கும் துப்புரவுக்கும் 150. ஆறு நாய்க்கு இடம் இருந்தாலும் வருடம் முழுக்க ஆறும் இருக்காது. மே மாதமும் தீபாவளியும் நிறையும். ஆடியில் காலியாகக் கிடக்கும். சராசரி மூன்று என்றால் ஒரு நாய்க்கு 583 ரூபாய் அடக்கம், லாபம் இல்லாமலே. இதே செலவில் ஒருவர் 250 ரூபாய்க்கு எடுக்க வேண்டுமானால், அவரிடம் எப்போதும் பதின்மூன்று நாய்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரவு ஆள் போன்ற ஏதோ ஒரு செலவை வெட்டியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று கேளுங்கள். சொந்த வீடு, வேலையைப் பங்குபோடும் குடும்பம் என்றால் குறைத்து வாங்க முடியும். நான் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் குறைவுக்கு அப்படி ஒரு காரணம் அவர்களால் சொல்ல முடிய வேண்டும். அதிக விலை வாங்கும் இடத்திலும் இதே கேள்விதான். ஏசியும் நீச்சல் குளமும் உங்கள் கண்ணுக்கு. நாய்க்கு வேண்டியது ஒரு ஆள்.

3. நாள் கணக்கை எழுதி வாங்குங்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்கு விட்டு, திங்கள் காலை எட்டு மணிக்குக் கூட்டிவந்தால் எத்தனை நாள்? இரவுக் கணக்கில் மூன்று. தேதிக் கணக்கில் நான்கு. சண்டை பெரும்பாலும் இந்த ஒரு நாளுக்காகத்தான் வருகிறது. மருந்து கொடுக்கக் கூலி உண்டா, பண்டிகை நாளில் கூடுதலா, முன்பணம் திரும்புமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

4. தடுப்பூசி அட்டையைக் கேட்காத இடத்தில் விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார். ரேபிஸ் ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சலுக்கான கூட்டு ஊசியும் கெடு தாண்டாமல் இருக்க வேண்டும். பல நாய்கள் சேரும் இடமென்றால் கென்னல் காஃப் என்கிற வறட்டிருமலுக்கும் ஊசி உண்டு. புறப்படும் முந்தின நாள் போட்டால் பயனில்லை. இரண்டு வாரமாவது முன்னால் போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். இந்த வேலையைத் தொடங்கும் முன், ஒரு கல்யாணத்துக்காக என் கன்னி இனத்து நாயை ஓரிடத்தில் நான்கு நாள் விட்டேன். அட்டையைக் கேட்கவில்லை, உண்ணி மருந்து போட்டிருக்கிறதா என்றும் கேட்கவில்லை. எளிதாகவும் மலிவாகவும் முடிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். திரும்பியபோது காது மடலுக்குள் கொத்தாக உண்ணி. இரண்டு வாரம் கழித்துச் சாப்பாட்டை ஒதுக்கினாள், மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உண்ணிக் காய்ச்சல் என்றார்கள், தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். பிழைத்தாள். அந்த நான்கு நாளில் மிச்சம் பிடித்த பணம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

5. இடத்தைப் போய்ப் பாருங்கள். வரவேற்பறையை மட்டும் காட்டி அனுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியை விரலால் தொடுங்கள், வழவழவென்றால் நாள்கணக்கில் கழுவவில்லை. கூண்டின் மூலையைப் பாருங்கள், சுவர் வெடிப்பில்தான் உண்ணி முட்டையிடும். எதைப் போட்டுத் தரையைக் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். சாதாரண ஃபினாயிலுக்குப் பார்வோ வைரஸ் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். பூனை இருக்கும் இடத்தில் ஃபினாயிலே ஆகாது. மிதித்த பாதத்தை நக்கும், அது பூனைக்கு விஷம்.

6. பூனையை இடம் மாற்றாதீர்கள். அதற்கு ஆளைவிட வீடுதான் முக்கியம். வீட்டுக்கே வந்து தினம் இரண்டு வேளை பார்க்கும் ஆளை வையுங்கள், மணல் தட்டை மாற்றுவதும் கணக்கில் சேரட்டும். "வெச்ச சாப்பாடு அப்படியே இருக்கு" என்று இரண்டாம் நாளே உங்களுக்குச் சொல்கிறவராக இருக்க வேண்டும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

7. வயதான நாய்க்கும் வீட்டுக்கு வரும் ஆள்தான் நல்லது. ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இரண்டு மூன்று முறை வந்து பழகச் சொல்லுங்கள். அந்த வருகைக்கும் கூலி கொடுங்கள்.

8. உங்கள் நாய் தினம் சாப்பிடுவதையே கட்டிக் கொடுங்கள். தயிர்சாதம் தின்று வளர்ந்ததற்குத் திடீரென்று பாக்கெட் உணவு போட்டால் கழிச்சல்தான். பாசத்தில் பொங்கலும் பாயசமும் ஊட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், அவற்றில் போடும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

9. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்: எந்த டாக்டர், என்ன மருந்து, எதைக் கண்டால் பயப்படும், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு ரூபாய் வரை கேட்காமலே சிகிச்சைக்குச் செலவழிக்கலாம். நள்ளிரவில் ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வீட்டுக்காரர் விமானத்தில் இருக்க, ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லலாமா என்று தவித்திருக்கிறேன். உங்கள் நாயைப் பார்ப்பவரை அப்படித் தவிக்க விடாதீர்கள்.

10. தீபாவளிக்கு முடிந்தால் விடாதீர்கள். வெடிச் சத்தத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு, ஆளுயரச் சுவரைத் தாண்டி ஓடும். பழகாத தெருவிலிருந்து வழி தெரிந்து வராது. விட்டே ஆக வேண்டும் என்றால் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், உள்ளறை இருக்கும் இடமாகப் பாருங்கள்.

11. நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஒரு இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் உடம்பைப் பார்ப்பதைவிட, அடுத்த முறை அந்தக் கேட்டருகே போகும்போது பாருங்கள். பின்னங்காலை ஊன்றிக்கொண்டு வர மறுத்தால், கொடுத்த முன்பணத்தை மறந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

12. திரும்பி வந்த அன்று நிறையத் தூங்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும். அது களைப்புதான். காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் அன்றே தடவிப் பாருங்கள். இருமலும் கழிச்சலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும், உண்ணிக் காய்ச்சல் மூன்று வாரம்கூட எடுக்கும். அதனால் கூட்டிவந்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.