செவிலியர் பயிற்சியும் கடைக்கோடிக் குழந்தையும்

2020-ஆம் ஆண்டில் நம் நாட்டில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் 28 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன, தமிழ்நாட்டில் 13. இது மகிழத்தக்கதே. ஆயினும் இது சராசரிக் கணக்கு. ஊர் நடுவிலுள்ள வீட்டுக்கும் செங்கற்சூளைக் குடிசைக்கும் செவிலியரின் கவனம் ஒரே அளவில் கிட்டுகிறதா என்பதை இக்கணக்குக் காட்டாது.

கிராம சுகாதாரச் செவிலியருக்கு மீண்டும் பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். ஓர் உதாரணம் கூறுவோம். இருமலுள்ள குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது, ஒரு நிமிடம் முழுதும் அதன் மூச்சை எண்ணவேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, அதன்பின் 5 வயது வரை 40 என்னும் அளவையோ அதற்கு மேலோ எட்டினால், நிமோனியா எனக் கருதிச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யவேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவைத் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். இதற்குக் கடிகாரமும் பயின்ற கண்ணும் போதும். மருத்துவரை எளிதில் அணுக இயலாத ஏழைக் குழந்தைக்கே இத்திறமை பெரிதும் உயிர்காப்பதாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று:

1. பயிற்சி நாட்களில் செவிலியரை வேறு அலுவலுக்கு அழைத்தலாகாது.

2. பிழைப்புக்காக வந்து தங்கியோரின் குழந்தைகளையும் சேர்த்துப் பட்டியல் தயாரித்து அவரிடம் அளிக்கவேண்டும்.

3. சென்ற மாதம் காண இயலாத வீடுகள் எவை, தடை யாது என்று மாதந்தோறும் அவரைக் கேட்டு, அத்தடையை நீக்கவேண்டும்.

செவிலியருக்குப் பயிற்சியளிப்பது அரசின் பொறுப்பு. அப்பயிற்சியின் பயன் கடைசிக் குடிசை வரை சென்று சேருமாறு செய்வது நம் அனைவரின் கடமையாகும்.