சுண்டுவிரல் மரத்துப்போனால் வாளாவிருக்கலாமா?

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்போர் ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்து மறு கையால் பறிப்பர். தலைச்சுமை தாங்கி வருவோரும் முழங்கையை நெடுநேரம் மடக்கியே வைத்திருப்பர். இவ்வாறு உழைப்போருக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போவதுண்டு. மலைக் குளிரால் வந்தது என்று அதனைப் புறக்கணித்தல் தவறாகும்.

முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அவ்விடம் இடிபட்டால் சுரீரென்று விரல் நுனிவரை பாய்வதை நாம் அனைவரும் அறிவோம். அங்கே செல்வதே அல்னார் நரம்பு. கை மடங்குந்தோறும் அது இழுபட்டு நெரிகிறது. நெரிவு நீடித்தால் முதலில் உணர்ச்சி குன்றும். பின்னர்ப் பிடி தளரும். முடிவில் கைத்தசை வற்றி, அவ்விரு விரல்களும் கொக்கிபோல் வளையும்.

தொடக்கத்தில் சிகிச்சை எளிது. முழங்கையை ஊன்றி அமர்தலாகாது. வேலையினிடையே கையை நீட்டி ஓய்வு தருதல் வேண்டும். உறக்கத்தில் கை மடங்காதவாறு முழங்கையில் துண்டைத் தளர்வாகச் சுற்றிக் கொள்ளலாம். சில வாரங்களில் குணம் காணாவிடினும், பிடி தளர்ந்தாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும். தேவையெனில் அறுவை மருத்துவர் நரம்பை அழுத்தும் திசுவை அறுத்து விடுவிப்பர். ஆயினும் நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும். முழங்கையிலிருந்து கைத்தசையை எட்ட ஏறத்தாழ ஓராண்டு ஆகும். நெடுங்காலம் வற்றிய தசை முழுதும் மீளாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. தொழுநோய் பெரிதும் தாக்கும் நரம்புகளுள் இதுவும் ஒன்று. மரத்த விரலோடு உணர்ச்சியற்ற தேமலும் காணப்பட்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும். அந்நோய்க்குக் கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. உரிய காலத்தில் உண்டால் நோய் முற்றும் குணமாகும். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்தவர் டாக்டர் பால் பிராண்டு. அவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

மலையிறங்கிச் சேலம் சென்றால் ஒரு நாட்கூலி போகுமே என்று பலர் தயங்குகின்றனர். கையே போனால் வாழ்நாட்கூலி அனைத்தும் போகுமன்றோ? இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பதும், விரல் மரத்தோரைக் கண்டறிந்து மருத்துவமனைக்கு அனுப்புவதும் ஊராட்சி உறுப்பினர்தம் கடமையாகும். பாதையும் குடிநீரும் போலவே, உழைப்பவர் கையும் ஊரின் சொத்தே.