பழைய கணினிக்கு ரேம்: பாதைக்குக் காத்திருப்பதா, பாலம் போடுவதா?

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை, திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிற வாகனம் துறையடியில் ‘பாதை’ என்கிற மிதவைக்குக் காத்து நிற்கும். றோட்டில் எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும், தண்ணீர்க் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருக்கத்தான் வேண்டும். பழைய வீட்டுக் கணினி திணறும்போது உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். ரேம் நிரம்பியதும், அந்த நேரத்துக்குத் தேவையில்லாததை விண்டோஸ் ஹாட் டிஸ்க்கில் கொண்டுபோய் இறக்கும். தேவை வந்ததும் திரும்ப ஏற்றி வரும். ரேமில் ஒரு தகவலை எடுக்க ஆகும் நேரத்தை நனோசெக்கனில் கணக்கிடுகிறோம். சுழலுகிற ஹாட் டிஸ்க்கில் அதுவே மில்லிசெக்கன். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இலட்சம் மடங்கு வித்தியாசம்.

ஆகவே வைத்தியம் இரண்டு. ரேமைக் கூட்டினால் அக்கரைக்குப் போகிற தடவைகள் குறையும். ஹாட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் பாதைக்குப் பதில் பாலம் வந்த மாதிரி. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: மெசினையே மாற்றுவது. எதற்குக் காசு கொடுப்பது என்பதைக் கடையில் நின்று முடிவெடுக்கக் கூடாது, வீட்டில் எடுக்க வேண்டும்.

உவர்மலையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், “தம்பி, நாலு ஜிபியை எட்டாக்கினால் இது சரிவருமோ?” என்று கேட்டார். பேரப்பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்காகக் கொரோனா காலத்தில் தூசி தட்டி எடுத்த டெஸ்க்டொப். வழமையாக அவர் திறக்கிறதை எல்லாம் திறக்கச் சொன்னேன்: இரண்டு பத்திரிகைத் தளம், மின்னஞ்சல், ஒரு வேர்ட் கோப்பு. பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். நினைவகம் பாதிக்குச் சற்று மேலே. டிஸ்க் நூறு வீதத்தில் அசையாமல் நின்றது. ரேமில் அவருக்குக் குறையில்லை. “ரீச்சர், ரேமுக்குக் காசு செலவழிக்காதேங்கோ” என்றுவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டோம்.

அதே ஒழுங்கையில் உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவனின் மெசின் வேறு கதை. பிரௌசரில் இருபது பக்கம், பக்கத்தில் சூம் வகுப்பு, பின்னால் பாட்டு. நினைவகம் 92 வீதம். அவனுக்குத் தேவை ரேம். எஸ்எஸ்டி மட்டும் போட்டிருந்தால் நிரம்பி வழிகிறது பாலத்தால் ஓடும், அவ்வளவுதான்.

இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்றையும் அப்போதே பாருங்கள். விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் என்றால் நாலு ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டும் பயனில்லை. நாலிலும் மூன்று சொச்சம்தான் கையில் வரும். முதலில் 64 பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும். அதற்குக் காசு இல்லை, ஒரு பின்னேரம் போகும்.

அடுத்தது வயது. டிடிஆர்2 ரேம் போட்ட மெசின் என்றால், என் கருத்து, ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். அந்தக் காலத்து ஜி31 மதர்போட் மொத்தம் நாலு ஜிபிக்கு மேல் ஏற்காது. மலிவாகக் கிடைக்கிற நாலு ஜிபி டிடிஆர்2 ஸ்டிக்குகளில் பல ஏஎம்டி மதர்போட்டில் மட்டும் வேலைசெய்பவை. இன்டெல் மெசினில் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும்.

திருகோணமலை வீடுகளில் நான் கழற்றிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை டிடிஆர்3. அந்தத் தலைமுறை 2007 இல் சந்தைக்கு வந்தது, டிடிஆர்4 வந்தது 2014 இல். இடையில் வாங்கிய மெசின்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவற்றுக்குத்தான் ரேம் மாற்றுவதில் அர்த்தமும் இருக்கிறது. எச்61, எச்81 மதர்போட் என்றால் இரண்டு ஸ்லொட், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். பெரிய தலையிடி இல்லை.

தலையிடி ஜி41 இல். எட்டு ஜிபி ஏற்கும் என்று அதன் புத்தகத்தில் இருக்கும். உப்புவெளியில் ஒரு சிநேகிதரின் ஜி41 மெசினுக்கு, கொழும்புக்குப் போன நேரம் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நாலு ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கிவந்தேன். போட்டால் பீப், பீப். வேறு மெசினில் அதே ஸ்டிக் நன்றாக ஓடியது. ஜி41 இரண்டு கிகாபிட்டுக்கு மேற்பட்ட சிப்களை வாசிக்காது என்று பிறகுதான் விளங்கியது. நாலு ஜிபி ஸ்டிக்கில் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு கறுப்புச் சிப் இருந்தால் அது ஏற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் எட்டு இருந்தால் ஏற்காது. கடைக்காரரில் பிழையில்லை. அவர் கேட்டதைத் தந்தார், எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஆனால் கொழும்பு இங்கிருந்து 260 கிலோமீற்றர். ஒரு ஸ்டிக்கை மாற்ற இன்னொரு தரம் இரவு ரயிலில் ஏற முடியுமா?

அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம். பழைய ஸ்டிக்கையே கழற்றிக் கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுபோவேன், மதர்போட்டின் பெயரைத் தொலைபேசியில் படமாக எடுத்துக்கொள்வேன். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ஸ்லொட் ஸ்லொட்டாக என்ன இருக்கிறது என்று காட்டும் என்றாலும், கடைக்காரருக்குக் கையில் இருக்கிற சாமான் பேசுகிற மாதிரி வேறெதுவும் பேசாது.

லப்டொப்பில் இன்னொரு பொறி. டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். வெட்டுக்குறி இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் எது எதற்குள்ளும் இறங்கும். ஆனால் இன்டெல் நாலாம் தலைமுறை லப்டொப்புகள் 1.35 வோல்டைத்தான் எதிர்பார்க்கின்றன. மற்றதைப் போட்டால் எழும்பாமல் கிடக்கலாம். சந்தேகம் என்றால் எல் போட்டதையே வாங்குங்கள். சில மெல்லிய லப்டொப்புகளில் ரேம் மதர்போட்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். வாங்க முன் திறந்து பாருங்கள்.

எவ்வளவு போடுவது? வீட்டுப் பாவனைக்கு எட்டு ஜிபி, அதோடு நிறுத்திவிடலாம். நாலிலிருந்து எட்டுக்குப் போகும்போது தெரிகிற மாற்றம் எட்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போது தெரியாது. வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களும், கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்து ஒரு மெசினுக்குள் இன்னொரு மெசினை ஓட்டுகிற பிள்ளைகளும் மட்டும் பதினாறு கேட்கலாம். எட்டை ஒரே ஸ்டிக்காகப் போடுவதைவிட நாலும் நாலுமாக இரண்டு போடுவது நல்லது. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெசின் ரேமில்தான் படத்தையும் வரைகிறது, அதற்கு இரண்டு வழி திறந்திருப்பது உதவும். வேகம் வேறுபட்ட ஸ்டிக்குகளைச் சேர்த்தால் குறைந்த வேகத்தில் ஓடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

புதிதா, பாவித்ததா என்று கேட்டால், டிடிஆர்3 இல் நான் பாவித்ததன் பக்கம். அலுவலக மெசின்களை உடைத்து எடுத்த சம்சுங், ஹைனிக்ஸ், கிங்ஸ்டன் ஸ்டிக், பெயர் தெரியாத பெட்டியில் பளபளவென்று வருகிற ‘புதிய’ ஸ்டிக்கைவிட நம்பிக்கையானது. ரேமில் அசைகிற பாகம் எதுவுமில்லை, தேய்வதும் குறைவு. ஒரு கிழமையாவது மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குங்கள். புதுச் சாமானின் விலை நம் கையில் இல்லை. 2022 இல் ரூபாய் விழுந்ததும், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் நினைவிருக்கும். 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போக, உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. வீட்டுப் பாவனையாளருக்குக் குரூஷல் என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரொன், அந்த விற்பனையையே விடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே போன மாதம் யாரோ சொன்ன விலையை நம்பிப் போகாதீர்கள்.

மெசினையே மாற்றுவது எப்போது? என் கணக்கு இது: ரேமும் எஸ்எஸ்டியும் சேர்ந்து, நல்ல பாவித்த மெசின் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றலாம். மாற்றினால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதற்குக் கீழ்ப்பட்டதை முறையாக ஏற்காது. பழைய மெசினோடு இருக்கப்போகிறவர்கள் லினக்ஸ் மின்ட்டைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அதற்கு நாலு ஜிபியே போதும், ரேம் வாங்குகிற தேவையே இல்லாமலும் போகலாம்.

வாங்க முன் காசில்லாத ஒரு வைத்தியமும் செய்து பாருங்கள். நமது ஊர்ப் பெயர்களிலேயே உப்பு இருக்கிறது, உவர்மலை, உப்புவெளி என்று. வாடைக் காற்றுக் காலத்தில் அந்த உப்பு கணினிப் பெட்டிக்குள்ளும் போகிறது. கச்சான் காலத்தில் தூசி போகிறது. அடிக்கடி நின்றுபோகிற, நீலத் திரை காட்டுகிற மெசினுக்குப் பல வேளை ரேம் பழுதில்லை, அதன் பொன்னிறப் பற்களில் படிந்த அழுக்குத்தான். வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடித்து, பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கை எடுங்கள். வெள்ளை அழிறப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் துணியால் துடையுங்கள். வாயால் ஊதினால் ஈரம் போகும். ஸ்லொட்டைக் காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு காதும் ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். புதிது போட்டாலும் இதே முறைதான். போட்ட இரவே விண்டோஸின் நினைவகச் சோதனையையோ மெம்டெஸ்டையோ ஓடவிட்டுப் படுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் கடையில் திருப்பிக் கொடுக்க அது போதும்.

பெடியனின் எச்61 மெசினில் நாலும் நாலும் போட்டபின், கழற்றிய இரண்டு ஜிபி ஸ்டிக் இரண்டு மிஞ்சின. சிறிய சிப்கள், ஜி41 க்கு ஏற்றவை. உப்புவெளிச் சிநேகிதரின் மெசினில் இப்போது அவைதான் ஓடுகின்றன.